மூன்று எழுத்துகளுக்கு ஒரு கணினி: திறமூல இயங்குதளம் பற்றி பர்மாத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாங்கோனிலும் மோல்மேனிலும் பெகுவிலும் உள்ள தமிழ் வீடுகளில், ஒரே கணினியில் ஒரே நாளில் மூன்று எழுத்துகள் புழங்குகின்றன. பள்ளிக்கும் அலுவலுக்கும் பர்மியம், கோயில் அழைப்பிதழுக்கும் உறவினர் கடிதத்துக்கும் தமிழ், வணிகத்துக்கும் வெளிநாட்டுத் தொடர்புக்கும் ஆங்கிலம். இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி, ஓர் எழுத்தும் தடையற்ற மின்சாரமும் குறையாத இணையமும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. இங்குள்ள விடைகள் நம் நிலைமையிலிருந்து தொடங்குகின்றன.

விண்டோஸ் 10 நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் மாற வேண்டும்?

அது இன்னும் ஓடும். ஆனால் 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விரும்பிப் பதிவு செய்த தனிப் பயனர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் செயலியானால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தையதையும் கேட்கிறது. நம்மவர்கள் வாங்கும் பழைய மடிக்கணினிகளில் பல இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கின்றன. செலவில்லாமல், உரிமம் பற்றிய கவலையில்லாமல், திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் வகையில் அந்தக் கணினிகளை இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வைக்க, மூல நிரல் அனைவருக்கும் திறந்திருக்கும் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளம் ஒரு நேர்மையான வழி. உங்கள் கணினி புதியது, விண்டோஸ் 11 உரிமத்துடன் வந்தது, அதில் குறை ஒன்றும் இல்லை என்றால், மாறியே தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நூற்றுக்கணக்கான லினக்ஸ் வழங்கல்கள் உள்ளனவே, எதைத் தேர்ந்தெடுப்பது?

வழங்கல் என்பது லினக்ஸைத் தேவையான மென்பொருள்களோடு சேர்த்து, நிறுவத் தயாராகத் தரும் தொகுப்பு. முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பதிப்புக்கு எத்தனை ஆண்டுகள் திருத்தம் வரும் என்பதுதான். ஃபெடோரா சிறந்த வழங்கல். ஆயினும் அதன் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ 13 மாதங்களே காக்கப்படுகிறது, பிறகு பல ஜிபி பதிவிறக்கத்துடன் அடுத்ததற்கு ஏற வேண்டும். ஆர்ச் லினக்ஸ் நாள்தோறும் நகர்ந்துகொண்டே இருப்பது. இணையக் கட்டணத்தை எண்ணிச் செலவு செய்பவருக்கு இரண்டுமே பொருந்தா. உபுண்டுவில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்பை மட்டும் எடுக்க வேண்டும். இடையில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதங்கள்தான் ஆயுள். உபுண்டு 24.04இன் மீது கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 2025 ஆகஸ்ட்டில் வெளியான டெபியன் 13க்கு, முதல் மூன்று ஆண்டுகளும் அதன்பின் வரும் நீண்டகால ஆதரவும் சேர்ந்து ஐந்து ஆண்டுகள்.

அடுத்தது நினைவகம். 4 ஜிபிக்கு மேல் இருந்தால், விண்டோஸில் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பதிப்பு உறுத்தாது. 4 ஜிபிதான் என்றால், அதே மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இன்னும் இலகுவானது. 2 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி பணிச்சூழலுடன் (திரைத் தோற்றத் தொகுப்புடன்) டெபியனை நிறுவலாம். எழுதவும் கணக்குப் பார்க்கவும் அது போதும். ஆனால் உலாவியில் நான்கைந்து தாவல்களைத் திறந்தால் எந்த வழங்கலும் திணறும், அந்தக் குற்றம் இயங்குதளத்தினுடையது அன்று. 32 பிட் செயலி மட்டுமே உள்ள மிகப் பழைய கணினியானால் வழி குறுகிவிட்டது: 32 பிட் கணினியில் நிறுவும் வசதியோடு வந்த கடைசி டெபியன், 2023இல் வெளியான 12ஆம் பதிப்பு.

ஒரே பெயரைச் சொல் என்று கேட்டால், என் விடை மின்ட் எக்ஸ்எஃப்சிஇ.

வழங்கலும் பணிச்சூழலும் ஒன்றா?

இல்லை. வழங்கல் என்பது கருவகம் (வன்பொருளை இயக்கும் மைய நிரல்), நிறுவி, மென்பொருள் களஞ்சியம், திருத்தங்களை அனுப்பும் ஏற்பாடு ஆகியவற்றின் தொகுப்பு. பணிச்சூழல் என்பது திரையில் நீங்கள் காணும் பட்டை, பட்டி, சாளரங்கள் ஆகியவை. க்னோம், கேடிஇ பிளாஸ்மா, சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ ஆகியவற்றை ஏறத்தாழ எல்லா வழங்கல்களிலும் நிறுவ முடியும். எனவே ஒரு வழங்கலின் விளம்பரப் படத்தின் அழகைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. அந்தத் தோற்றத்தை வேறொன்றிலும் கொண்டுவரலாம், ஆனால் ஆதரவுக் காலத்தைக் கொண்டுவர முடியாது.

இவ்வளவு பெரிய கோப்பை நம் இணையத்தில் எப்படி இறக்குவது?

மின்ட்டின் நிறுவல் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி, உபுண்டு 24.04இன் கோப்பு அதைப்போல் இரு மடங்கு. இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் டொரண்ட் வழியாக இறக்குவது நல்லது. தெருவில் ஒருவர் இறக்கிப் பத்துப் பேருக்குப் பென் டிரைவில் கொடுப்பதை இந்த மென்பொருள்களின் உரிமம் முழுமையாக அனுமதிக்கிறது. இறங்கி முடிந்ததும் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா256 என்ற சரிபார்ப்பு எண், வழங்கலின் தளத்தில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கைமாறி வந்த கோப்பானால் இது இரட்டிப்பாகத் தேவை. நிறுவலின் நடுவில் வரும் விளங்காத பிழைகளில் பல, அரைகுறையாக இறங்கிய கோப்பினால் வருபவை.

பென் டிரைவில் ஏற்ற வென்டாய் என்ற கருவி வசதியானது. அதை ஒருமுறை பென் டிரைவில் அமைத்துவிட்டால், நிறுவல் கோப்புகளை வழக்கம்போல் படியெடுத்து வைத்தாலே போதும், ஒரே பென் டிரைவில் மின்ட்டையும் டெபியனையும் வைத்துக்கொள்ளலாம்.

நிறுவாமலேயே பார்க்க முடியுமா?

முடியும், பார்க்காமல் நிறுவவும் கூடாது. பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால், வன்வட்டைத் தொடாமல் இயங்குதளம் முழுவதும் ஓடும். முதலில் வைஃபை இணைகிறதா என்று பாருங்கள். சில பிராட்காம், ரியல்டெக் சில்லுகள் கூடுதல் இயக்கியை (சில்லை இயங்க வைக்கும் மென்பொருளை) கேட்கும். அப்போது கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தால், தேவையான இயக்கியை இறக்கிக்கொள்ளலாம். ஒலி, திரையின் ஒளி அளவு, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பவற்றையும் சோதியுங்கள். பிறகு உலாவியைத் திறந்து ஒரு தமிழ்ப் பக்கத்தையும் ஒரு பர்மியப் பக்கத்தையும் படித்துப் பாருங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்த பின்னரே தொடங்க வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். விரைவுத் தொடக்கம் என்ற அமைப்பை அணைக்க வேண்டும், இல்லையேல் விண்டோஸ் தன் வட்டை முழுமையாக மூடாமலே உறங்கும், லினக்ஸிலிருந்து அதில் எழுத முடியாமல் போகும்.

இரண்டையும் வைத்திருப்பவர்கள் தவறாமல் கேட்பது கடிகாரத்தைப் பற்றி. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் நேரம் சரியாக 6 மணி 30 நிமிடம் பின்தங்கியிருக்கும். கணினியின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தைப் பதிகிறது, விண்டோஸோ அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது, நம் நேரம் பொது நேரத்துக்கு ஆறரை மணி முன்னால் உள்ளது. உள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைக்குமாறு லினக்ஸுக்கு ஒருமுறை சொல்லிவிட்டால் தீர்ந்தது. நேர மண்டலப் பட்டியலில் பழைய பதிப்புகள் ரங்கூன் என்றும், புதியவை யாங்கோன் என்றும் காட்டும். இரண்டும் ஒன்றே.

மூன்று மொழிகளிலும் தட்டச்சு செய்ய என்ன செய்ய வேண்டும்?

லினக்ஸில் தட்டச்சுக்கு இரண்டு அடுக்குகள் உள்ளன, இந்த வேறுபாடு தெரிந்தால் பாதிக் குழப்பம் நீங்கும். முதலாவது, எக்ஸ்கேபி என்ற அடிப்படை விசைப்பலகை அடுக்கு. விசைக்கு இன்ன எழுத்து என்று மாற்றித் தருவது மட்டுமே அதன் வேலை. ஆங்கிலத்துக்கு அது போதும், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் தரும் உலகப் பொதுத் தரமான யுனிகோடில் அடிக்கும் பர்மிய விசைப்பலகையும் அதில் உண்டு. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பும் அந்தப் பட்டியலில் தென்படும். ஆனால் ககரத்தை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும் என்பது போன்ற தமிழ்99இன் விதிகள் அங்கே வேலை செய்யா, ஏனெனில் முன்பு அடித்ததை நினைவில் வைக்கும் திறன் அந்த அடுக்குக்கு இல்லை.

அதற்கு இரண்டாவது அடுக்கு வேண்டும்: ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டு முறையும், அதனுள் எம்17என் என்ற தொகுப்பும். அந்தத் தொகுப்பில் தமிழ்99, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி எனத் தமிழுக்குப் பல முறைகள் உள்ளன. க்னோமில் ஐபஸ் உள்ளேயே இணைந்திருக்கிறது. மின்ட்டில் உள்ளீட்டு முறைக்கெனத் தனிச் சாளரம் உள்ளது, அதில் தேர்ந்தெடுத்துவிட்டு வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். கேடிஇ பிளாஸ்மாவில் எஃப்சிஐடிஎக்ஸ் 5 சிறப்பாகப் பொருந்துகிறது. இரண்டையும் ஒன்றாக நிறுவி ஓட விட வேண்டாம்.

கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் தமிழை அடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு ஒலியியல் முறையே எளிது. நாள்தோறும் பக்கக் கணக்கில் எழுதுபவர் தமிழ்99க்கு மாறுவது நல்லது, விசை அழுத்தங்கள் கணிசமாகக் குறையும். பட்டையில் விசைப்பலகைக் குறியீட்டைத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மொழிகளுக்கிடையே தாவும்போது எதில் நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடவுச்சொல் ஏற்கப்படவில்லை என்று வரும் புகார்களுள் சில இதனால்தான்.

எழுத்துருக்களுக்கு நோட்டோ குடும்பத்தின் தமிழ், மியன்மார் எழுத்துருக்களை நிறுவினால் திரையில் கட்டங்கள் தோன்றும் தொல்லை தீரும். தமிழுக்கு லோகித், மீரா இனிமை ஆகியவையும், பர்மியத்துக்கு எஸ்ஐஎல் நிறுவனத்தின் படாவ்க் எழுத்துருவும் கட்டற்றவை.

பழைய பர்மியக் கோப்புகள் குழம்பித் தெரிகின்றனவே, ஏன்?

அவை பெரும்பாலும் ஜாவ்ஜி எழுத்துருவில் எழுதப்பட்டவை. 2008இல் வந்த யுனிகோட் 5.1 பர்மிய எழுத்துக்கான ஒழுங்கை நிலைநிறுத்தியது. ஆனால் அதற்குள் பரவிவிட்ட ஜாவ்ஜி, அதே குறியெண்களை வேறு எழுத்துருவங்களுக்கு எடுத்துக்கொண்டிருந்தது, மோன், ஷான், கரேன் மொழிகளுக்கு ஒதுக்கப்பட்ட எண்களையும் விட்டுவைக்கவில்லை. நாடு அலுவல் முறையில் யுனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1 அன்றுதான். ஆகவே அதற்கு முந்தைய ஆவணங்கள், ஒப்பந்தங்கள், முகவரிப் பட்டியல்கள் எல்லாம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டவை என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தமிழில் நாம் பட்ட பாடும் இதுபோன்றதே, ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும், உடனே இது பழைய கோப்பு என்று கண்டுகொள்ளலாம். ஜாவ்ஜி கோப்போ யுனிகோட் கோப்பைப் போலவே பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் தெரியும், கணினியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கூகுள் வெளியிட்ட திறமூல மியன்மார் கருவி நூலகம், எழுத்துகள் வரும் வரிசையைப் பார்த்து எது எது என்று ஊகித்து மாற்றுகிறது. நீண்ட பத்திகளில் அது நன்றாகக் கணிக்கும். ஓரிரு சொற்களே கொண்ட பெயர்ப் பட்டியல்களை மனிதக் கண் சரிபார்த்தே ஆக வேண்டும்.

லினக்ஸில் ஜாவ்ஜி எழுத்துருவை நிறுவினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நிறுவலாம், ஆனால் அந்த ஆவணத்தைப் படிக்க மட்டும். அது கணினி முழுவதற்கும் பர்மிய எழுத்துருவாகிவிட்டால், நேற்று வரை சரியாகத் தெரிந்த யுனிகோட் பக்கங்கள் எல்லாம் சிதைந்து தெரியும். படித்து, மாற்றி, எழுத்துருவை நீக்கிவிடுவதே முறை. ஜாவ்ஜியில் பழகிய விரல்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. மெய்யின் இடப்பக்கம் நிற்கும் உயிர்க்குறியை அவர்கள் முதலில் அடிப்பார்கள். யுனிகோடில் மெய் முதலிலும் குறி பின்னும் சேமிக்கப்படும், எக்ஸ்கேபி அடுக்கில் அந்த வரிசையிலேயே அடிக்கவும் வேண்டும். கீமேஜிக் போன்ற கருவிகள் பழைய வரிசையில் அடிக்க விட்டுப் பின்னால் திருத்திக்கொள்ளும்.

ஒரே அழைப்பிதழில் மூன்று எழுத்துகளையும் எப்படி அமைப்பது?

லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருள், எழுத்துகளை மேற்கத்தியம், கிழக்காசியம், சிக்கலான எழுத்தமைப்பு என மூன்று கூட்டங்களாகப் பிரிக்கிறது. தமிழும் பர்மியமும் மூன்றாவது கூட்டத்தில் ஒன்றாக விழுகின்றன, அந்தக் கூட்டத்துக்கு இயல்பாக ஒரே எழுத்துருவைத்தான் குறிக்க முடியும். தமிழ் எழுத்துருவைக் குறித்தால் பர்மிய வரிகள் ஏதோ ஒரு மாற்று எழுத்துருவில், வேறு உயரத்தில், ஒட்டாமல் நிற்கும். எனவே தமிழுக்கு ஒரு பத்திப் பாணி, பர்மியத்துக்கு ஒரு பத்திப் பாணி என இரண்டை உருவாக்கி, எழுத்துருவையும் மொழியையும் வரி இடைவெளியையும் தனித்தனியே குறித்துவிடுங்கள். ஒருமுறை செய்து வார்ப்புருவாகச் சேமித்தால், பங்குனி உத்திர அழைப்பிதழ் தொடங்கித் திருமணப் பத்திரிகை வரை அதுவே உதவும்.

பர்மியத்தில் சொற்களுக்கிடையே தமிழைப்போல் இடம் விடுவதில்லை என்பதால், வரியை எங்கே முறிப்பது என்பதை மென்பொருள் அகராதி கொண்டு கணிக்கிறது. ஊர்ப்பெயர், ஆள்பெயர்களில் அது தவறலாம், அச்சுக்கு முன் வரி முனைகளைப் பாருங்கள்.

அச்சகத்தார் பேஜ்மேக்கர் கோப்பே வேண்டும் என்றால் வாதாடாமல் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடலாம். பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் உள்ளது. 2024 சனவரியில் வந்த 1.6 பதிப்பிலிருந்து, நிலைத்த பதிப்பிலேயே தமிழும் பர்மியமும் ஒழுங்காக அமைகின்றன. அதற்கு முந்தைய 1.4இல் முயல வேண்டாம்.

மின்வெட்டில் இயங்குதளம் கெட்டுப்போகாதா?

லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவிட்டுப் பிறகு செய்கிறது. மின்சாரம் திடீரென்று போனால், அடுத்த தொடக்கத்தில் அந்தக் குறிப்பைப் பார்த்து வட்டின் அமைப்பைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அது காப்பது வட்டின் அமைப்பை, நீங்கள் சேமிக்காத கடிதத்தை அன்று. லிப்ரே ஆபிஸின் தானியங்கி மீட்புப் பதிவு இயல்பாக 10 நிமிடங்களுக்கு ஒருமுறை நடக்கும், அதை 2 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

உண்மையான ஆபத்து, திருத்தங்களை நிறுவும் நடுவில் மின்சாரம் போவது. இன்வெர்ட்டரிலோ நிறைந்த பேட்டரியிலோ ஓடும்போது மட்டும் அந்த வேலையைத் தொடங்குங்கள். நடுவில் நின்றுவிட்டாலும் கதை முடிந்துவிடாது. தொடக்கப் பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளில் முந்தைய கருவகம் காத்திருக்கும், அதில் நுழைந்து பாதியில் நின்ற தொகுப்புகளை முடித்துவிடலாம். மின்ட்டுடன் வரும் டைம்ஷிஃப்ட்டில் வாரம் ஒரு படி எடுக்கச் சொல்லி வையுங்கள். அது இயங்குதளத்துக்கானது. உங்கள் புகைப்படங்களையும் கடிதங்களையும் அது இயல்பாகச் சேர்க்காது, அவற்றுக்கு வெளி வட்டில் தனிப் படி வேண்டும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால், வன்வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) போடுவதில் செலவிடுங்கள். பழைய கணினிக்கு அதைவிடப் பெரிய வேக மாற்றத்தை எந்த வழங்கலும் தராது.

இணையச் செலவைக் கட்டுக்குள் வைத்துத் திருத்தங்களைப் பெறுவது எப்படி?

பாதுகாப்புத் திருத்தங்களை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம். மற்றவை காத்திருக்கலாம். ஒரு மென்பொருள் வழங்கலின் களஞ்சியத்திலும், ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதி வடிவிலும் கிடைத்தால் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். ஃபிளாட்பேக் தன்னோடு அடித்தளத் தொகுப்புகளையும் இழுத்துவரும், சிறு செயலிக்காகச் சில நூறு எம்பி இறங்கக்கூடும். வகுப்பறையிலோ கடையிலோ நான்கைந்து கணினிகள் இருந்தால், அவற்றுள் ஒன்றில் ஆப்ட் கேச்சர் என்ஜியை நிறுவுங்கள். ஒரு கணினி இறக்கிய தொகுப்பை மற்றவை அதனிடமிருந்தே பெறும். இணையமே இல்லாத கணினிக்கு ஆப்ட்-ஆஃப்லைன் கருவி உண்டு: தேவைப்பட்டியலைப் பென் டிரைவில் எழுதிக்கொண்டு, வேறிடத்தில் இறக்கி வந்து நிறுவலாம்.

திரையெங்கும் தமிழிலேயே இருக்க வைக்கலாமா?

வைக்கலாம். முக்கியப் பணிச்சூழல்களுக்கும் லிப்ரே ஆபிஸுக்கும் தன்னார்வலர்கள் செய்த தமிழாக்கம் உண்டு, இடையிடையே ஆங்கிலம் எட்டிப்பார்க்கும். பிழைச் செய்தியைத் தேடி விடை காண ஆங்கிலம் வசதியாக இருப்பதால், கணினியைப் பராமரிப்பவரின் கணக்கை ஆங்கிலத்தில் வைத்து, தமிழ் படிக்கும் பெரியவர்களின் கணக்கைத் தமிழில் அமைப்பதையே பரிந்துரைப்பேன். லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் தனி மொழி அமைக்கலாம்.

தோற்றத்தை எந்த அளவுக்கு மாற்றலாம்?

விரும்பிய அளவுக்கு. ஆனால் வரிசை ஒன்று உண்டு. முதலில் எழுத்தின் அளவு, ஏனெனில் ஆங்கிலத்துக்குப் போதுமான அளவில் பர்மிய அடுக்கெழுத்துகளும் தமிழ்க் கொம்புகளும் கண்ணை வருத்தும், ஒன்றிரண்டு புள்ளி கூட்டுங்கள். பிறகு குறுக்குவிசைகள், பட்டையின் இடம். வண்ணமும் சின்னங்களும் கடைசியில். வெளிக் களஞ்சியங்களைச் சேர்த்துத் தோற்றக் கருப்பொருள்களை நிறுவுவதைக் குறையுங்கள், அடுத்த பதிப்புக்கு ஏறும்போது பெரும்பாலும் அவைதான் குறுக்கே நிற்கும்.

ஏதோ மாற்றி ஏதோ கெட்டுவிட்டால், இயங்குதளத்தை மீண்டும் நிறுவ ஓடாதீர்கள். புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால், கோளாறு உங்கள் வீட்டுக் கோப்புறையின் மறைந்த அமைப்புக் கோப்புகளில்தான் இருக்கிறது. அந்தப் பணிச்சூழலுக்கு உரிய கோப்புறைக்கு வேறு பெயரிட்டுவிட்டு மீண்டும் உள்நுழைந்தால், தொடக்க நிலைக்கு வந்துவிடும்.

கோயில் அலுவலகம்போல் பலர் புழங்கும் கணினியை எப்படி அமைப்பது?

நிர்வாகக் கடவுச்சொல்லை இருவர் மட்டும் வைத்திருக்க, மற்றவர்களுக்குச் சாதாரணக் கணக்குகள் கொடுங்கள். கணக்கேடும் உறுப்பினர் பட்டியலும் ஒரு கணக்கில் இருக்கட்டும். வந்து போகிறவர்களுக்கு விருந்தினர் அமர்வைத் திறந்துவிடலாம், வெளியேறியதும் அதில் செய்தவை அழிந்துவிடும். அச்சுப்பொறி வாங்குமுன், இயக்கி தேவையில்லாத ஐபிபி முறையை அது ஏற்கிறதா என்று கேளுங்கள். ஏற்குமானால் லினக்ஸ் தானே கண்டுகொள்ளும். பழைய லேசர் அச்சுப்பொறி ஏற்கெனவே இருந்தால், பென் டிரைவிலிருந்து தொடங்கிய சோதனை அமர்விலேயே ஒரு தாளை அச்சிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.